பயனாளி பாலத்தைக் கடந்தார்

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு பாலம் இருக்கிறது. பாலம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டரை அடி அகலத்தில் ஒரு கான்கிரீட் பலகை, அதன் கீழே ஆள் மூழ்குகிற ஆழத்துக்கு உப்பங்கழி வாய்க்கால், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. உப்பளக்காரர் சிவஞானம் பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து, பாலத்தின் தலைமாட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு குண்டு பல்பைக் கட்டியிருந்தார். காற்று பலமாக அடித்தால் அணையும். காற்றுக்குக் களைப்பு வந்தால் எரியும். இதைக் கொஞ்சம் நல்ல விளக்காக மாற்றிக் கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டதுதான் சகாயசெல்வி செய்த தப்பு.

உப்பு வாருகிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் பாத்தியில் இறங்கிவிட வேண்டும். பத்து மணியைத் தாண்டினால் வெயில் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் குத்தும். அப்படிக் குத்துப்பட்டுக் குத்துப்பட்டு முப்பத்தைந்து வருஷம் வேலை செய்தவள் அஞ்சம்மாள். வயது ஐம்பத்தெட்டு. பாண்டிச்சேரியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லவில்லை. வெளிச்சம் இருந்தால் வெளிச்சம் தெரியும், இருட்டு இருந்தால் இருட்டு தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் அவளுக்குக் கலங்கல்தான். பாலத்தில் மட்டும், கூட உப்பு வாருகிற சகாயசெல்வியின் தோளைப் பிடித்துக்கொள்வாள். பாத்தியில் இறங்கிவிட்டால் அவளுக்குக் கண்ணே தேவையில்லை, கால் போதும்.

சிவஞானம் கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் அவர் சொன்னார்: "இந்தா அஞ்சம்மா, பாலம் தாண்டி வந்தின்னா வேலை இருக்குது. தாண்ட முடியலன்னா வூட்லயே இரு. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

அஞ்சம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் இருந்தால் சோறு இல்லை. அதனால்தான் சகாயசெல்வி ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் போய், மனுநாளில் வரிசையில் நின்று, ஒரு நல்ல விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மனுவை வாங்கியவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டு, "ஆவன செய்யப்படும்" என்றார்.

ஆவன செய்தவர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு ஜீப்பில் வந்தார்கள். ஜீப்பின் கதவில் 'கடலோர ஒளிச்சூழல் வடிவமைப்பு ஆணையம்' என்று எழுதியிருந்தது. அப்படி ஒன்று இருப்பது அதில் சம்பளம் வாங்குகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெயருக்குக் கீழே கொள்கை வாசகம்: 'முதலில் பிம்பம், பின்னர் விளக்கு.' ஆணையம் தொடங்கிய ஆறு வருஷத்தில் நாற்பத்தோரு பிம்பங்கள் தயாராகியிருந்தன. பின்னர் என்கிற கட்டத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஜீப்பிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. அதன் நிழலில் துணை இயக்குநர் தமிழரசன் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் சத்யப்ரியா என்ற பெண் ஒரு கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கிளியனூர்ப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டரில் ஒளி போடுவது அவள் வேலை.

"மனுதாரர் யாரு?"

சகாயசெல்வி முன்னால் வந்தாள். கையெல்லாம் உப்பு.

"எங்கம்மா இருட்டு?"

"சார், இருட்டு காலைல நாலு மணிக்கு இருக்குங்க. இப்ப மணி பதினொண்ணு ஆவுதுங்க."

தமிழரசன் சிரித்தார். "இருட்ட நேர்ல வந்து பாக்கறதெல்லாம் பழைய முறைம்மா. இருட்டுல போட்டோ எடுத்தா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதனால பகல்ல எடுத்துக்குவோம். கம்ப்யூட்டர்ல போட்டு ராத்திரி ஆக்கிக்குவோம். அதுக்குத்தான் சிமுலேஷன்னு பேரு."

சத்யப்ரியா முக்காலியை நட்டாள். ஒரே காட்சியை ஒன்பது தடவை எடுக்க வேண்டுமாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு வெளிச்சத்தில். ஒன்பதையும் சேர்த்தால் மனிதக் கண்ணை விடத் துல்லியமான படம் வருமாம். படத்துக்கு ஒரு பயனாளி வேண்டும் என்றார்கள். அஞ்சம்மாளைத் தலையில் உப்புக்கூடையோடு பாலத்தின் நடுவில் நிறுத்தினார்கள். ஒன்பது படம் முடிகிறவரை அசையக் கூடாது. கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி அவள் கண்ணில் வழிந்தது. அஞ்சம்மாள் அசைந்தாள்.

"பரவால்ல, சாஃப்ட்வேர் பாத்துக்கும்" என்றார் தமிழரசன். அப்போதுதான் பல்பு அவர் கண்ணில் பட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன?"

"பல்புங்க."

"அது தெரியுது. யார் அனுமதி குடுத்தது? இங்க ஏற்கனவே வெளிச்சம் இருந்தா நாங்க எப்படி இருட்டக் கணக்குல எடுக்கறது? அடிப்படை நிலையே கெட்டுப் போயிடுமே."

சகாயசெல்விக்குப் புரியவில்லை. "சார், இது இருந்தும் போதலன்னுதாங்க மனு குடுத்தேன். இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். புது லைட்டு போட்டீங்கன்னா இதே மாதிரி கீழயே போடுங்க. உசரத்துல கம்பம் நட்டு மேலேர்ந்து அடிச்சீங்கன்னா பாத்தித் தண்ணியும் பளபளன்னு தெரியும், பாலமும் பளபளன்னு தெரியும். எது தரை, எது தண்ணின்னு எங்களுக்கே தெரியாது. அஞ்சம்மாக்காவுக்கு எப்படித் தெரியும்?"

தமிழரசன் அவளைக் கொஞ்சநேரம் பரிவோடு பார்த்தார். "உன் அனுபவத்த நான் மதிக்கறேன்மா. ஆனா அனுபவத்த கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது."

பல்பைக் கழற்றினார்கள். அதன் கழுத்தில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. உப்பளத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சாமானுக்கு ஒரு நிறத்தில் பொட்டு வைப்பார்கள். கூடை, பலகை, மண்வெட்டி எது கலந்துவிட்டாலும் பொட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். சிவஞானத்தின் நிறம் பச்சை. சத்யப்ரியா பல்பை ஒரு துணிப்பையில் போட்டு, 'மாதிரி எண் 1' என்று சீட்டு ஒட்டினாள். ஆய்வு முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்று ரசீதும் கொடுத்தார்கள். ஜீப் கிளம்பிப் போனது.

"செல்வி, உன் மனுவால என் பல்பு போச்சு. பல்பு கட்டுனதே குத்தம்னு அந்தாளு சொல்லிட்டுப் போறாரு. இனிமே நான் அங்க எதையும் தொட மாட்டேன்பா" என்றார் சிவஞானம்.

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு சொல்வாங்க. எனக்குன்னே சொல்லி வெச்ச மாதிரி இருக்குது."

சகாயசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் கூடையும் ஒரு கையில் அஞ்சம்மாளுமாகப் பாலத்தைக் கடந்தாள். ஆய்வு எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவளே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். ஆணையத்தின் அலுவலகம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மாடிப்படி கும்மிருட்டு. பகல் பன்னிரண்டு மணிக்குச் சுவரைத் தடவித் தடவி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ ஒருவர் மேல் மோதினாள்.

"பாத்து வாம்மா. பத்து மாசமா பல்பு இல்ல" என்றது அந்த உருவம். தேநீர் கொண்டுபோகிறவர்.

"இது லைட்டு ஆபீசுதானுங்களே?"

"ஆமா. படிக்கட்டு இன்னும் சிமுலேஷன் ஆவல."

உள்ளே தமிழரசன் மகிழ்ச்சியாக இருந்தார். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் பாலம் தெரிந்தது. அவள் தினமும் நடக்கிற பாலம்தான், ஆனால் தங்கத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. தூரத்தில் வரிசையாகத் தென்னை. பாலத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் குட்டைக் கவுன் போட்டுக்கொண்டு நாயோடு நடந்துபோனாள்.

"இவங்க யாருங்க?"

"அது ஸ்டாண்டர்டு மனுஷிம்மா. உலகம் முழுக்க இந்த மனுஷிதான்."

"அஞ்சம்மாக்கா எங்க? ஒம்பது போட்டோ எடுத்தீங்களே?"

தமிழரசன் சத்யப்ரியாவைப் பார்த்தார். சத்யப்ரியா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க அசைஞ்சிட்டாங்கக்கா. ஒம்பது படத்த ஒண்ணா சேக்கும்போது எது அசையுதோ அத சாஃப்ட்வேர் பேய்னு கணக்குப் பண்ணி அழிச்சிடும். அசையாததுதான் நிக்கும்."

"அங்க வேலை செய்யற எல்லாரும் அசைவாங்களேம்மா."

சகாயசெல்வி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பாத்திகளெல்லாம் ஒரே வெள்ளையாக, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தன. உப்பு அப்படி இருக்காது. பழுப்பாக, ஈரமாக, சேற்றோடு இருக்கும்.

"இது உப்பு மாதிரி இல்லியே சார்."

"உப்பு எங்க பட்டியல்ல கிடையாது. நாப்பதாயிரம் பொருள் இருக்கு, இத்தாலி சலவைக்கல்லே எண்பது தினுசு இருக்கு. உப்பு இல்ல. அதனால உறைபனி போட்டிருக்கோம். ரெண்டும் வெள்ளைதானே?"

இப்போது சத்யப்ரியாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. "சார், பனி போட்டதால வெளிச்சம் ரெண்டு மடங்கு காட்டுது. நிலாவும் எப்பவும் பௌர்ணமியாவே இருக்கு. நான் நோட்ல எழுதியிருக்கேன்."

"நிலா இயற்கை வளம்மா. இலவசமா கிடைக்கறத எதுக்குக் கொறைச்சுக் காட்டணும்?" என்றார் தமிழரசன். பிறகு சகாயசெல்வி பக்கம் திரும்பி, குரலில் தேன் தடவிக்கொண்டார். "உனக்கு ஒரு நல்ல செய்தி. கணக்கு வந்துடுச்சு. உன் பாலத்துல இப்பவே பதினெட்டு லக்ஸ் வெளிச்சம் இருக்கு. தேவை வெறும் பத்துதான். அதாவது உங்களுக்கு எட்டு லக்ஸ் அதிகமாவே இருக்கு."

"பல்பு இல்லாமலா?"

"பல்பு இல்லாமலே."

நாலு மணிக்கு அந்தப் பாலத்தில் சகாயசெல்விக்குத் தன் கையே தெரியாது. "சார், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு காலைல நாலு மணிக்கு நீங்க வந்து பாருங்க சார்."

"நேர்ல பாத்தா அவரவர் கண்ணுக்கு ஒவ்வொண்ணா தெரியும்மா. ஆணையம் ஒருத்தர் கண்ண நம்பி முடிவெடுக்க முடியாது."

பல்பையாவது கொடுங்கள் என்று ரசீதை நீட்டினாள். ஆய்வு இன்னும் முடியவில்லை, மக்கள் கருத்துக் கேட்பு பாக்கி இருக்கிறது என்றார்கள்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூனிமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேன் வைத்து உப்பளத்து ஆட்களை அழைத்துப் போனார்கள். ஆணையத்தின் தலைவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் பெயர் சுப்ராயன். மேடையில் ஏழு குத்துவிளக்குப் படங்கள் மாட்டியிருந்தன. இருந்த ஒரே நிஜக் குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி கொண்டுவர மறந்துவிட்டதால், தலைவர் கம்ப்யூட்டரில் ஒரு குத்துவிளக்கைத் தட்டி ஏற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு பேசினார். "எங்க ஆணையத்தப் பத்தி ஒரு குற்றச்சாட்டு இருக்கு, விளக்கே போடலன்னு. நான் கேக்கறேன். விளக்கு போட்டா என்ன ஆகும்? ஒரு நாள் ஃபியூஸ் போகும். திருடு போகும். பூச்சி வரும். கரண்ட் பில் வரும். எங்க பிம்பத்துல இதுவரைக்கும் ஒரு பல்பாவது ஃபியூஸ் போயிருக்கா? நாப்பத்தோரு ஊர்ல ராப்பகலா எரியுது. ஒரு புகார் இல்ல. புகார் குடுக்க அங்க யாரும் இல்ல!" மறுபடி கைதட்டல். "முன்னேறிய நாடுகள்ல முதல்ல பாப்பாங்க, அப்பறம் செய்வாங்க. நாம ஒரு படி மேல. நாம பாத்ததோட திருப்தி ஆயிடறோம்."

கூட உப்பு வாருகிற வேலம்மாள் சகாயசெல்வியின் காதில், "இந்தாளு நம்மள திட்றாரா, அவுங்கள திட்டிக்கிறாரா?" என்று கேட்டாள்.

பேச்சு முடிந்ததும் ஒரு பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். கண்ணையும் மூக்கையும் மூடுகிற பெட்டி மாதிரி இருந்தது. இதை மாட்டிக்கொண்டால் அந்தத் தங்கப் பாலத்தில் நிஜமாகவே நடக்கிற மாதிரி இருக்குமாம். பயனாளிகளில் ஒருவர் வரலாம் என்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பார்வை மங்கலானவர் யாராவது இருந்தால் விசேஷம் என்றார் தமிழரசன். எல்லாரும் அஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அஞ்சம்மாளுக்குக் கண்ணாடியை மாட்டினார்கள். முதலில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு அப்படியே நின்றாள். வாய் திறந்துகொண்டது. கண்ணுக்கு அரை அங்குலத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததால் அந்தக் கலங்கலையும் தாண்டி அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"ஏ செல்வி! எம்மாம் வெளிச்சம்! பாலம் தெரியுதுடி! ஓரம் தெரியுதுடி எனக்கு!"

கல்யாண மண்டபத்தின் சிமெண்ட் தரையில் அவள் யாரையும் பிடிக்காமல் பத்து அடி நடந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பாலத்தைத் தனியாகக் கடந்தாள். கடந்து முடித்ததும் கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துச் சகாயசெல்வியும் அழுதுவிட்டாள். இதையெல்லாம் இரண்டு கேமராக்கள் பிடித்துக்கொண்டன. தமிழரசன் பதிவேட்டில் எழுதச் சொன்னார்: 'பயனாளி பாலத்தைப் பாதுகாப்பாகக் கடந்தார். முழு திருப்தி.' அதன் கீழே அஞ்சம்மாளின் கைநாட்டு வாங்கப்பட்டது.

கண்ணாடியைக் கழற்றும்போது அஞ்சம்மாள் அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேன் திரும்பி வருகிற வழியெல்லாம், "அங்க கைப்பிடி கூட இருந்துச்சுடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சரி, இனிமேல் விளக்கு வரும் என்று நினைத்தார்கள். வந்தது ஒரு லாரி. அதில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு பேனர் இருந்தது. அந்தத் தங்கப் பாலத்தின் படம், அச்சாகப் பாலத்தின் அளவிலேயே. நாயைக் கூட விடவில்லை. நிஜப் பாலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலின் எதிர்க்கரை ஓரமாக, ஐந்தடி தள்ளி அதை நட்டார்கள். 'ஒளிமயமான மரக்காணம்' என்று மேலே எழுதியிருந்தது. திறப்பு விழா மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. படம் ராத்திரியிலும் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் முன்னால் தரையில் ஒரு பெரிய ஃபோகஸ் லைட் வைத்தார்கள்.

"விளக்கு போடறதுக்குத்தான் உத்தரவு இல்ல. விளக்கோட படத்துக்கு விளக்கு போட உத்தரவு இருக்கு" என்று தமிழரசன் சிவஞானத்துக்கு விளக்கினார்.

கடவுள் இருக்கிறார் என்று வேலம்மாள் அன்றைக்குச் சொன்னாள். ஏனென்றால் அந்த லைட்டின் வெளிச்சம் படத்தில் பட்டது போக மிச்சம் பாலத்திலும் சிந்தியது. கீழேயிருந்து அடிக்கிற வெளிச்சம், சகாயசெல்வி கேட்ட மாதிரியே. பாலத்தின் ஓரம் தெரிந்தது. தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது. பதினோரு நாள் அவர்கள் செல்போனைப் பல்லில் கடிக்காமல், பேசிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். அஞ்சம்மாள் தோளைப் பிடிப்பதை விட்டுவிட்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது நாள் ஆய்வுக்கு வந்தார்கள். வெளிச்சம் பாலத்தில் சிந்துவதை அளந்து பார்த்துத் தமிழரசன் பதறிப்போனார். ஆணையத்தின் கணக்கில் இல்லாத வெளிச்சம் ஆணையத்தின் விளக்கிலிருந்தே கசிகிறது. "பதினெட்டு லக்ஸ் இருக்கவேண்டிய இடத்துல இருபத்தாறு காட்டுது. நாளைக்கு எவனாவது அளந்தா எங்க கணக்கு தப்புன்னு ஆயிடாதா?"

"சார், அந்த வெளிச்சத்துலதான் சார் நாங்க நடக்கறோம்" என்றாள் சகாயசெல்வி.

"அதான் சொல்றேன். திருட்டு வெளிச்சத்துல நடக்கறீங்க."

லைட்டுக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளிச்சம் வெளியே சிந்தவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு உப்பளம் முழுக்க இருட்டாக இருக்கும், நடுவில் அந்தப் படம் மட்டும் ஜெகஜோதியாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பாலத்தைப் பார்த்தால் நல்ல கண்ணுக்கே கொஞ்சநேரம் ஒன்றும் தெரியாது. சகாயசெல்வி மறுபடியும் டார்ச்சைக் கடித்தாள். அஞ்சம்மாள் மறுபடியும் தோளைப் பிடித்தாள்.

அப்புறம் விருது வந்தது. சிறந்த பிம்ப ஒளியமைப்புக்கு மாநில அளவில் முதல் பரிசு. மேடையில் மனுதாரரும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று, சகாயசெல்வியைச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அவள் முடியாது என்றாள். வந்தால்தான் ஆய்வை முடித்துப் பல்பைத் திருப்பித் தர முடியும் என்றார்கள். அதனால் ஒப்புக்கொண்டாள். ஒரு பல்புக்காகத்தான் போனாள் என்பதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வேன் விடியற்காலை மூன்றரைக்கு ரோட்டுக்கு வந்தது. போகும் முன் அஞ்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, நான் இல்ல. இன்னிக்கு வேலைக்கிப் போவாத. போறதா இருந்தா வேலம்மா வர்ற வரைக்கும் இரு" என்றாள்.

"நீ போய்ட்டு வாடி. மேடைல நல்லா நில்லு, அசையாத. அழிச்சிடப் போறான்" என்று அஞ்சம்மாள் சிரித்தாள்.

சென்னையில் அந்த மண்டபத்தில் இருந்த விளக்குகளை எண்ண முடியாது. சுப்ராயன் கேடயத்தை வாங்கினார். தமிழரசன் அவருக்குப் பக்கத்தில் நின்றார். சகாயசெல்வி ஓரத்தில் நின்றாள். திரையில் அஞ்சம்மாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடக்கிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது, சகாயசெல்வியின் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்தது. வேலம்மாள்.

விடியற்காலையிலிருந்து கூப்பிட்டும் இப்போதுதான் லைன் கிடைத்ததாம். அஞ்சம்மாள் காத்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று தனியாகக் கிளம்பியிருக்கிறாள். பின்னால் வந்த வேலம்மாள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள், படத்தின் வெளிச்சத்துக்கு நேராக ஒரு உருவம் கூடையோடு போவதை. கையை நீட்டிக்கொண்டு போனாளாம். கைப்பிடியைத் தேடுகிற மாதிரி. வேலம்மாள் கத்தியிருக்கிறாள். காற்று எதிர்க்காற்று. ஏற்கனவே ஒரு தடவை கடந்த பாலம் என்பதால் அஞ்சம்மாள் தயங்கவே இல்லையாம். படத்துக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் வாய்க்காலில் விழுந்தாள். இறங்கி எடுப்பதற்குள் உயிர் இல்லை.

சகாயசெல்வி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழரசன் குனிந்து என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள்.

"யாரு, அஞ்சம்மாளா?" அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அஞ்சம்மாள் நடந்துகொண்டிருந்தாள். "இருக்காதேம்மா. அவங்க கடந்துட்டாங்களே."

அவள் அவரை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஆணையத்திலிருந்து விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. சம்பவ இடத்தில் பதினெட்டு லக்ஸ் வெளிச்சம் இருந்ததாகக் கணினி உறுதி செய்கிறது. சம்பவம் நடந்த அன்று அமாவாசை என்று சொல்லப்படுவது ஆணையத்தின் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை. மேற்படி பயனாளி ஏற்கனவே பாலத்தைப் பாதுகாப்பாகக் கடந்திருப்பதால், அதே பயனாளி அதே பாலத்தில் விழுந்ததாகக் கருத இடமில்லை. ஆய்வு முடிவடைந்தது. கடைசி வரி: மாதிரி எண் 1-ஐ மனுதாரர் அலுவலக நேரத்தில் நேரில் பெற்றுக்கொள்ளலாம்.

சகாயசெல்வி ரசீதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனாள். சுவரைத் தடவிக்கொண்டு ஏறத் தயாராகத்தான் போனாள். ஆனால் மாடிப்படியில் வெளிச்சம் இருந்தது. படிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. மூலையில் வெற்றிலை துப்பியது கூடத் தெரிந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அதன் கழுத்தில் பச்சைப் பொட்டு.

அவள் அதன் கீழே வெகுநேரம் நின்றாள். தேநீர்க்காரர் காலித் தம்ளர்களோடு இறங்கி வந்து, "இப்ப நல்லா இருக்குதும்மா. யாரும் விழறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே தமிழரசன் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சகாயசெல்வி எட்டிப் பல்பைப் பிடித்தாள். நெருப்பாகச் சுட்டது. விடவில்லை. திருகிக் கழற்றினாள். படிக்கட்டு இருண்டது. பல்பை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ரசீதைச் சுருட்டி ஹோல்டரில் சொருகிவிட்டு இறங்கினாள். இருட்டில் இறங்குவது அவளுக்குப் புதிதில்லை.

"ஏய், யாரு லைட்ட எடுத்தது? ஒண்ணுமே தெரியலியே!" மேலே தமிழரசனின் குரல். செருப்பு ஒரு படியைத் தேடித் தேடித் தட்டியது.

சகாயசெல்வி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தப் பெட்டிக் கண்ணாடிய மாட்டிக்கினு இறங்குங்க சார். கைப்பிடி கூட இருக்கும்."